பிராக்டிஸ் நடக்கிறது, பாட்டு தேறவில்லை

நாகர்கோவில் பக்கத்துச் சபை ஒன்றில் புதிதாக கொயர் (பாடகர் குழு) மாஸ்டர் பொறுப்பேற்ற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “26 பேர் இருக்கிறோம். பெண்களில் மேல்குரல் சோப்ரானோ 11, கீழ்க்குரல் ஆல்ட்டோ 7, ஆண்களில் மேல்குரல் டெனர் 3, கீழ்க்குரல் பேஸ் 5. சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி முதல் 7.30 வரை பிராக்டிஸ். பாதிப் பேர் தாமதமாக வருகிறார்கள். வந்தவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸுக்கு 8 பாட்டு, இன்னும் 11 சனிக்கிழமைதான் இருக்கிறது. எப்படிக் கண்டிப்பாக இருப்பது? பெரிய கண்டக்டர்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்?”

கேள்வி கண்டிப்பைப் பற்றியதாகத் தெரிந்தாலும், உங்கள் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது என்று படுகிறது. ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியப் பாடுகிறீர்கள். அடுத்த வாரம் வந்தால் அதே இடத்தில் அதே தப்பு. அதைக் கேட்கத்தான் நீங்கள் கூச்சப்படுகிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். பேச்சுச் சத்தத்தில் பாதி அதிலேயே அடங்கிவிடும், பாருங்கள். என்னைப் பற்றி ஒரு வரி: திருநெல்வேலிப் பக்கம் சபைக் கொயர்களில் 22 வருடமாக நிற்கிறேன். முதல் 6 வருடம் பேஸ் பாடினேன், பிறகு நடத்துகிறேன். சம்பளம் வாங்கும் ஆர்கெஸ்ட்ரா எதையும் நடத்தியதில்லை. ஆகவே நான் சொல்வதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்காகச் சனிக்கிழமை கூடுகிறவர்களுக்குச் சொல்வது.

முதலில் கணக்கு. 90 நிமிடத்தில் ஜெபம், வருகைப் பதிவு, தாமதமாக வருகிறவர்கள், அடுத்த வாரம் யார் கன்வென்ஷனுக்குப் போகிறார்கள் என்ற பேச்சு எல்லாம் போனால் 55 நிமிடம் மிஞ்சும். 11 வாரத்துக்கு 605 நிமிடம். அதை 8 பாட்டுக்குப் பங்கிட்டால் ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய 75 நிமிடம்தான் தேறும். 4 குரலும் சேர்ந்து 75 நிமிடம்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே, எட்டில் இரண்டு பாட்டைப் போன வருடத்துப் பாட்டாக மாற்றிவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், சபைக்குத் தெரிந்த கேரல் என்றால் சந்தோஷம்தான் படுவார்கள்.

அடுத்து, வருகிற சனிக்கிழமை உங்கள் ஃபோனை ஒரு ஜன்னல் திண்டில் வைத்து முழு பிராக்டிஸையும் பதிவு செய்யுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், நீங்கள் மட்டும் கேளுங்கள். நான் முதன்முதலில் அப்படிக் கேட்டபோது, 90 நிமிடத்தில் அவர்கள் பாடியது 38 நிமிடம். மீதியில் பெரும்பங்கு என்னுடைய குரல். பாட்டின் அர்த்தம், போன வாரம் சொன்னது, டெனர்களுக்கு ஒரு அறிவுரை, ஆல்ட்டோவுக்கு ஒரு சமாதானம். நான் டெனர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்த 4 நிமிடத்தில் சோப்ரானோக்கள் பேசாமல் வேறு என்ன செய்வார்கள்? ‘பேசுகிறார்கள்’ என்று நான் எரிச்சல்பட்ட ஒவ்வொரு தடவையும், அதற்கு முந்தைய அரை நிமிடம் அவர்களுக்கு வேலையில்லாமல் வைத்திருந்தது நான்தான் என்பது பதிவில் தெளிவாகக் கேட்டது.

இனி வேலைக்கு வருவோம். புது மாஸ்டர்கள் இரண்டு பள்ளங்களில் ஏதாவது ஒன்றில் விழுகிறார்கள். ஒன்று, பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டுவது, “இன்னொரு தடவை” என்று மறுபடி ஓட்டுவது. தப்பாக மூன்று தடவை பாடினால் அந்தத் தப்பு மனப்பாடமாகிவிடும், பிறகு அதைப் பிடுங்குவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம். நான் விழுந்தது மற்ற பள்ளம். நான்கு சுரம் பாடுவதற்குள் நிறுத்துவேன். ஒரு நாள் 60 வயதைத் தாண்டிய டெனர் அண்ணாச்சி ஒருவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “தம்பி, ஒரு தடவையாவது முழுசாப் பாட விடுங்க, எங்க போறோம்னே தெரியலை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் உறைத்தது. அன்றிலிருந்து என் வழக்கம் இது: பாட்டை முழுசாக ஒரு தடவை பாடுவோம், என்ன தப்பு வந்தாலும் நிறுத்த மாட்டேன், பென்சிலால் நோட்டில் குறி வைப்பேன். அதில் மோசமான இரண்டு இடத்தை மட்டும் எடுத்து உடைத்துச் சரிசெய்வோம். கடைசியில், சரிசெய்த இடத்துக்கு 8 பார் (தாளக் கட்டம்) முன்னால் தொடங்கி 8 பார் பின்னால் வரை பாடுவோம். இந்தக் கடைசிப் படியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தனியாக எடுத்துப் பாடினால் சரியாக வரும் இடம், ஓட்டத்தில் வரும்போது பழையபடி வழுக்கும். முந்தைய வரியிலிருந்து அதற்குள் நுழைவதையும் சேர்த்துப் பழக வேண்டும்.

உடைத்துச் சரிசெய்வது என்றால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த முடியாது. முதலில் தாளம், பிறகு சுரம், பிறகு வார்த்தை, சத்தம் கூட்டுவதும் குறைப்பதும் கடைசியில். இந்த வரிசை என் கருத்துதான், வார்த்தையை முதலில் வைக்கிற நல்ல மாஸ்டர்களும் உண்டு. ஆனால் தாளம் ஆடும்போது சுரத்தைத் திருத்தினால் 26 பேரும் 26 இடத்தில் சரியாகப் பாடுவார்கள்.

தாளத்துக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. ராபர்ட் ஷா என்ற அமெரிக்க கொயர் கண்டக்டர் (1916–1999) வார்த்தையை எடுத்துவிட்டு, அதே சுரங்களை எண்களில் பாட வைப்பார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ‘அண்ட்’ என்று வைத்து, ‘ஒன் அண்ட் டூ அண்ட்’ என்று அரைத் தட்டுகளையும் வாயால் எண்ண வைப்பார். ‘த்ரீ’ மட்டும் நாக்கில் சிக்கும் என்பதால் அதை ‘டீ’ என்று சொல்ல வைத்தார். இதை எங்கள் கொயரில் செய்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: நமக்கு ‘அண்ட்’ தேவையே இல்லை. ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு. ஒவ்வொன்றிலும் இரண்டு அசை. அரைத் தட்டு தானாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நீண்ட சுரம் வரும் இடத்திலும் எண்ணிக்கையை நிறுத்தாமல் அதே சுரத்தில் “மூணு, நாலு” என்று பாட வையுங்கள். யார் முன்னாலேயே விட்டுவிடுகிறார்கள், யார் தொங்குகிறார்கள் என்பது உடனே வெளியே வந்துவிடும். முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் அவர்களே, “மாஸ்டர், இதை நம்பர்ல பாடிரலாமா?” என்று கேட்பார்கள். வேகத்தைக் குறைத்து, சத்தத்தையும் குறைத்துச் செய்யுங்கள், தொண்டைக்கும் ஓய்வு.

இன்னொன்று, பாட்டைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்கினால் முதல் சரணம் 40 தடவை பாடப்பட்டிருக்கும், கடைசிப் பக்கம் 6 தடவை. சபை கேட்டுவிட்டுப் போவதோ கடைசிப் பக்கத்தை. கடைசி 8 பாரை முதலில் எடுங்கள், அடுத்த வாரம் அதற்கு முந்தைய 8. அப்படிச் செய்தால் பாடப் பாடத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவார்கள், பயம் குறையும்.

நிறுத்தியபின் சொல்வதையும் பழகிக்கொள்ள வேண்டும். பெரியதிலிருந்து சிறியதுக்கு: “பக்கம் 4, இரண்டாவது வரி, மூணாவது பார். ஆல்ட்டோ. ‘மி’யிலிருந்து ‘லா’வுக்கு ஏறுகிற இடம் குறைவாக வருது.” இவ்வளவுதான். உடனே கை தூக்கி, மூச்சு, பாட்டு. தவறைச் சொல்லிவிட்டு இடத்தைச் சொன்னால், அவர்கள் பக்கம் புரட்டுவதற்குள் தவறு என்ன என்பது மறந்திருக்கும். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு விஷயம்தான். மூன்று சொன்னால் மூன்றும் நிற்காது. சரியாக வந்ததையும் சொல்லுங்கள், ஆனால் பொதுவாக “சூப்பர்” வேண்டாம். “அந்த ‘லா’ இப்போ கரெக்டா உட்கார்ந்துச்சு” என்று சொன்னால்தான் எதை மறுபடி செய்ய வேண்டும் என்று தெரியும்.

பேஸுக்குத் தனியாகச் சொல்லித்தரும்போது மற்றவர்களைச் சும்மா வைக்காதீர்கள். பேஸ் வரியை எல்லோரும் பாடட்டும், பெண்கள் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே. இரண்டு தடவை பாடியதும் சோப்ரானோக்கள் தங்கள் வரிக்குத் திரும்பினால், கீழே என்ன நடக்கிறது என்று காதில் இருக்கும், தாங்களாகவே சேர்ந்துகொள்வார்கள். பேஸ் ஐந்து பேருக்கும் கூட்டத்தில் ஒளிந்துகொண்டு பழக ஒரு வாய்ப்பு. கண்டிப்பு என்று நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து இதுதான். சோல்ஃபா எழுத்து (டோ, ரே, மி என்று சுரங்களை எழுதும் முறை) படிக்கத் தெரிந்த பழைய ஆட்கள் உங்கள் சபையில் இருப்பார்கள், நம் பக்கத்தில் அந்தத் தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களை ஒவ்வொரு குரலுக்கும் ஒருவராக முன்னால் உட்கார வையுங்கள். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன்தான் உயர்ந்தது என்று வாதம் வேண்டாம். கொயருக்குச் சோல்ஃபா ஒன்றும் குறைந்ததில்லை. ஸரிகமவில் ‘ஸ’ இடம் மாறுவது போல ‘டோ’வும் இடம் மாறும், பாட்டுக் கிளாஸ் போன பிள்ளைகளுக்கு அதனால் சட்டென்று பிடிபடும்.

கை அசைவு பற்றி ஆளாளுக்கு வீடியோ பார்த்துக் கவலைப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து உண்மையில் முக்கியமானது ஒன்றுதான்: முதல் தட்டுக்கு முந்தைய தட்டு. அந்த ஒரு அசைவில் வேகம், சத்தம், மூச்சு மூன்றும் தெரிய வேண்டும். அவர்களோடு சேர்ந்து நீங்களும் வாயைத் திறந்து மூச்சு இழுங்கள். 26 பேரும் ஒன்றாக மூச்சு எடுத்தால் ஒன்றாகத் தொடங்குவார்கள். கையைப் பெரிதாக வீச வீச நோட்டைப் பார்த்துக்கொண்டு பாடுவார்கள், சின்னதாக்கினால் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஸ்கேலால் மேஜையைத் தட்டித் தாளம் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இந்த வாரமே விட்டுவிடுங்கள். தட்டும் சத்தத்தைக் கேட்டுப் பாடப் பழகியவர்களுக்கு, ஆராதனையில் அது இல்லாதபோது கால் கீழே தரை இருக்காது. (தரையைக் கோலால் இடித்துத் தாளம் கொடுத்த காலமும் உண்டு. பிரெஞ்சு அரசவை இசைஞர் லுல்லி 1687 ஜனவரியில் அப்படி இடிக்கும்போது தன் கால் விரலில் குத்திக்கொண்டார். புண் அழுகி மார்ச்சில் இறந்துபோனார். நம்முடையது ஸ்கேல்தான், ஆனாலும்.)

உங்கள் ஆலயத்தில் ஆர்கனோ கீபோர்டோ கொயரிலிருந்து தள்ளி இருக்கிறதா என்று சொல்லவில்லை. பழைய ஆலயங்களில் மேல்மாடத்தில் இருக்கும். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். 15 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தச் சத்தம் உங்கள் பாடகர்களை வந்துசேர விநாடியில் 23-இல் ஒரு பங்கு ஆகும். அவர்கள் அதைக் கேட்டுப் பாடி, அது ஆர்கன்காரர் காதுக்குத் திரும்பிப் போக மறுபடி அவ்வளவு. வேகமான பாட்டில் இது நன்றாகத் தெரியும். அவர் இவர்களுக்காகக் காத்திருப்பார், இவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள், பாட்டு வண்டி மாதிரி மெதுவாகிக்கொண்டே போகும். இதில் யாரும் கவனக்குறைவாக இல்லை, இரண்டு தரப்பும் காதை நம்புகிறார்கள். அந்த மாதிரி இடத்தில் இரண்டு தரப்பும் உங்கள் கையைப் பார்த்தே போக வேண்டும், காதுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆர்கன்காரருக்கு ஒரு சிறிய கண்ணாடி வைத்துக்கொடுங்கள்.

இப்போது நான் பெரிதாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பிராக்டிஸில் நீங்கள் பாடாதீர்கள். பாடிக் காட்டலாம், நிறுத்திவிட்டு. அவர்கள் பாடும்போது கூடவே பாடினால் உங்கள் காதில் உங்கள் குரல்தான் விழும். 26 பேர் இருக்கும் அந்த அறையில் மொத்தத்தையும் கேட்கிற வேலை ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது, அவரும் பாடப் போய்விட்டால் யார் கேட்பது? கேட்பதற்கும் வீட்டில் தயாராக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து நான்கு வரியையும் நீங்களே பாடிப் பாருங்கள். உங்களுக்கு எங்கே தடுக்கியதோ அங்கேதான் அவர்களுக்கும் தடுக்கும். அந்த இடங்களைக் குறித்து, நாளை எந்த இரண்டை எடுப்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். என்ன சத்தம் வர வேண்டும் என்று மனதில் இல்லாதவருக்கு, வருகிற சத்தத்தில் என்ன குறை என்று கேட்காது. “ஏதோ சரியில்ல, இன்னொரு தடவை” என்பது அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் மூன்று டெனர்கள். அவர்களை ஓரத்திலோ கடைசி வரிசையிலோ நிற்க வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நடுவில், முன்னால் கொண்டுவாருங்கள். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதன் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுவான், சந்தையில் நாம் கத்திப் பேசுவது அதனால்தான். மூன்று பேர் பதினோரு சோப்ரானோவுக்குப் பின்னால் நின்றால் கத்தத்தான் செய்வார்கள், கத்தினால் சுருதி போகும். ஒருவருக்கொருவர் ஒரு முழம் இடைவெளி விட்டு நிற்க வைத்தாலே பாதிக் கத்தல் குறையும், எல்லாக் குரலுக்கும்தான். பேஸில் யாராவது சிரமமில்லாமல் மேலே போகிறவராக இருந்தால் அவரை டெனருக்கு மாற்றிப் பாருங்கள், ஆல்ட்டோவில் கீழ்க்குரல் உள்ள ஒருவரும் உதவலாம். ஒவ்வொரு குரலிலும் மற்றவர்கள் சாய்ந்துகொள்ளும் தூண் ஒருவர் இருப்பார். அவரை ஒரு தடவை சும்மா இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பாட வையுங்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் தொடக்கப் பாட்டின் முதல் சரணத்தை ஒரு சிறுவன் தனியாகப் பாடுவான். யார் பாடுவது என்பதைத் தொடங்கும் நேரத்தில்தான் மாஸ்டர் கைகாட்டுவார். எல்லாப் பையன்களும் தயாராக இருந்தால்தான் அது நடக்கும். நமக்கு அந்த அளவு வேண்டாம், தூணுக்குக் காய்ச்சல் வந்தால் கூரை விழாமல் இருந்தால் போதும்.

தமிழில் பாடும்போது ஒரு தனித் தொல்லை. பாமாலை என்ற நம் ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தின் பாட்டுகள் மேல்நாட்டு ராகத்துக்கு எழுதப்பட்டவை. குறில் எழுத்து நீண்ட சுரத்தில் போய் விழும். ‘பரம பிதா’ என்பதை நீட்டினால் ‘பாரம பிதா’ ஆகிவிடும், பரலோகத்துத் தகப்பன் பாரமாகிவிடுவார். நீட்டாமல் முடியாது, சுரம் நீளம். நான் செய்வது, அந்தக் குறிலைச் சுரம் முழுவதும் ஒரே அழுத்தத்தில் பிடிக்காமல் தொடங்கியதும் லேசாக்கி, அடுத்த எழுத்தைத் தெளிவாகப் போட வைப்பது. கேட்கிறவர் காது வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம் மெய்யெழுத்து. ‘அப்பா’ என்பதில் ‘ப்’ எப்போது மூடுகிறது? ‘வல்லவர்’ என்பதன் ‘ர்’ எந்தத் தட்டில் விழுகிறது? நீங்கள் சொல்லாவிட்டால் ஆளுக்கொரு ‘ர்’ வரும், தகரத்தில் கல் உருண்டது மாதிரி. “நாலாவது தட்டில் ர்” என்று நோட்டில் எழுத வையுங்கள். ‘கிறிஸ்து’வின் ‘ஸ்’ஸை 26 பேரும் சொன்னால் குக்கர் விசில்தான். எங்கள் கொயரில் ‘ஸ்’ஸை நான்கு பேர் மட்டும் சொல்வார்கள், மற்றவர்கள் தாண்டிவிடுவார்கள். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, சுத்தமாகக் கேட்கும்.

கீர்த்தனை பாடிப் பழகியவர்கள், கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இருந்தால் அவர்கள் சுரத்துக்குச் சறுக்கிக்கொண்டே வந்து சேர்வார்கள். கீர்த்தனையில் அது அழகு. நான்கு குரல் பாட்டில் அந்தச் சறுக்கல் முடியும் வரை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) உட்காராது. “இங்கே கமகம் வேண்டாம், படியில் கால் வைக்கிற மாதிரி நேரா வையுங்க” என்றால் புரிந்துகொள்வார்கள். அவர்களுடைய காது பொதுவாக மற்றவர்களைவிட நுட்பமானது, அதை மதித்துச் சொல்ல வேண்டும்.

சுருதி இறங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வாத்தியத் துணையில்லாமல் பாடினால் கடைசிச் சரணத்துக்குள் அரைச் சுரம் இறங்கியிருக்கும். இதில் நிச்சயமானது ஒன்று: கீபோர்டின் சுரங்களும், காது தானாகப் பொருத்தும் சுரங்களும் ஒன்றல்ல. அரைச் சுரத்தை 100 பங்காகப் பிரித்து ஒரு பங்கைச் சென்ட் என்பார்கள். டோவுக்கும் மிக்கும் இடையில் கீபோர்ட் வைப்பது 400 சென்ட். குரல்கள் இழைந்து நிற்பது 386-இல். அதனால் கீபோர்டோடு பாடிப் பழகி, பிறகு அது இல்லாமல் பாடும்போது ‘மி’ கொஞ்சம் கீழே வருவது முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான சபைக் கொயர்களில் இறங்குவதற்கு அவ்வளவு நுட்பமான காரணம் இருப்பதில்லை. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் சோம்பல், கீழே இறங்கும் வரியில் படி கொஞ்சம் பெரிதாகிவிடுவது, வரி முடிவில் மூச்சுத் தீர்வது, களைப்பு. இவை நான் கண்டவை. பாட்டை அரைச் சுரம் ஏற்றி வைத்தால் நின்றுவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்களிடம் சில பாட்டில் நின்றது, சிலதில் நிற்கவில்லை, செலவில்லாத சோதனை, செய்து பாருங்கள். ஏற்றுவதற்குக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் அழுத்தியதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த பாட்டையும் அதே ஏற்றத்தில் தொடங்கி, சோப்ரானோக்கள் உச்சத்தில் கிறீச்சிட்டதை நான் ஒரு பண்டிகை ஆராதனையிலேயே அனுபவித்திருக்கிறேன். பிராக்டிஸில் எல்லா வரிக்கும் கீபோர்டைக் கூடவே வாசிக்கவும் வேண்டாம். முதல் சுரம் கொடுத்துவிட்டு கையை எடுங்கள், வரி முடிந்ததும் ஒரு சுரம் தொட்டு எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டுங்கள்.

வீட்டில் பழகுவதற்கு வாட்ஸ்அப் நல்ல வசதி. ஒவ்வொரு குரலையும் அந்தக் குரலிலேயே ஒருவர் பாடி, சுத்தமாகப் பதிந்து அனுப்புங்கள். சுரம் கற்பது வீட்டில் நடந்தால், கூடும் நேரத்தை ஒருவரையொருவர் கேட்பதற்குச் செலவழிக்கலாம். ஆனால் பதிவோடு மட்டுமே பாடிப் பழகியவர் அதைப் பின்தொடர்ந்து, ஒரு இழை தாமதமாகவே பாடுவார். ஆகவே மூன்றாவது வாரத்துக்கு மேல் பதிவில்லாமல் பாடச் சொல்லுங்கள்.

கண்டிப்பு பற்றிச் சொல்லாமல் முடித்தால் ஏமாற்றியது போலாகும். 6 மணிக்கு இரண்டு பேர் இருந்தாலும் தொடங்கிவிடுங்கள். ஆளில்லை என்று காத்திருந்தால் நேரத்துக்கு வந்தவர்களைத் தண்டிக்கிறீர்கள், அடுத்த வாரம் அவர்களும் 6.20-க்கு வருவார்கள். 5 நிமிடம் முனகல், உதடு படபடக்கவிடுவது, பிறகு தெரிந்த ஒன்று, கஷ்டமான பாட்டை 6.15-க்கும் 6.45-க்கும் நடுவில். கடைசி 10 நிமிடம் முழுசாகப் பாடக்கூடிய ஒன்று, 7.30-க்கு முடிப்பு. நேரத்துக்கு விடுகிற மாஸ்டருக்குத்தான் நேரத்துக்கு வருவார்கள். யாரையும் பெயர் சொல்லித் திருத்தாதீர்கள். ஒருவர் சுருதியில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நல்ல காது உள்ளவர் பக்கத்தில் இடம் மாற்றிவிட்டு, வெளியே செருப்புப் போடும்போது தனியாகப் பேசுங்கள். டோஸ்கானினி என்ற இத்தாலியக் கண்டக்டர் ஆர்கெஸ்ட்ராவைக் கத்தித் தீர்த்தார் என்பார்கள், ரெக்கார்டிங்கே இருக்கிறது. அவர் முன்னால் இருந்தவர்கள் சம்பளக்காரர்கள். உங்களிடம் இருப்பது, கடையைப் பூட்டிவிட்டும் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டும் வருகிறவர்கள். அடுத்த வாரம் வராமல் இருந்துவிட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

எட்டில் ஒன்று ஹேண்டலின் அல்லேலூயாவாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன், நம் பக்கத்தில் அது இல்லாமல் கேரல் சர்வீஸ் ஏது. அதன் கடைசி ‘ஹாலேலூயா’வுக்கு முன்னால் எல்லாக் குரலும் வாத்தியமும் சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் யாராவது ஒருவர் தனியாக “ஹா” என்று தொடங்கிவிடுவது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. அதற்கு என் வழி: அந்த இடத்தை மட்டும் ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு தடவை வேறு வேறு நீளத்தில் நிறுத்திப் பாட வைப்பேன். ஒரு தடவை இரண்டு எண்ணிக்கை, ஒரு தடவை ஐந்து. மனதில் எண்ணி வைத்துக்கொண்டு நுழைய முடியாது, என் கையைப் பார்த்தே ஆக வேண்டும். அக்டோபரில் நாலைந்து பேர் விழுவார்கள், டிசம்பரில் யாரும் விழமாட்டார்கள்.

கடைசி இரண்டு சனிக்கிழமை புதிதாக எதையும் திருத்தாதீர்கள். ஆலயத்திலேயே, நிற்கப் போகும் இடத்தில் நின்று, மெழுகுவர்த்தி பிடித்து நடந்து வருவதென்றால் நடந்து பாருங்கள். நடக்கும்போது தாளம் காலுக்குப் போய்விடும், வரிசையின் முன்பகுதியும் பின்பகுதியும் அரைத் தட்டு விலகும். அதற்கே ஒரு மாலை முழுக்க வேண்டும்.

அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ். உங்கள் கொயரில் பாதிப் பேர் வாலிபர் சங்கத்திலும் இருப்பார்கள். நான்கு ராத்திரி வீடு வீடாகப் போய், பனியில் விடியற்காலை 2 மணி வரை டிரம் அடித்துப் பாடிவிட்டு வந்து ஞாயிறு கேரல் சர்வீஸில் நிற்கும் தொண்டையை எந்த மாஸ்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ரவுண்ட்ஸ் தேதியைச் சர்வீஸுக்குப் பிந்தைய வாரத்துக்குத் தள்ள முடியுமா என்று சபை ஐயரிடமும் (போதகர்) சங்கச் செயலாளரிடமும் இந்த வாரமே போய்க் கேளுங்கள். நவம்பரில் கேட்டால் ஏரியா பிரித்து, வேன் பேசி முடித்திருப்பார்கள்.